எலுமிச்சை மணத்த வரவேற்பு

விமான நிலையத் தீயணைப்புப் பிரிவில் அவனை மூக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. மூக்கு நீளமோ கோணலோ கிடையாது, பார்க்க லட்சணமான மூக்குதான். ஆனால் சும்மா இருக்காது. கேன்டீனில் டம்ளரைக் கையில் எடுத்ததுமே, "இத அழுக்குத் துணியால தொடச்சிருக்காங்க" என்பான். ஓய்வறையில் யாராவது காலுறையைக் கழற்றினால் எழுந்து வெளியே போய்விடுவான். வீட்டில் சோற்றுத் தட்டை வாங்கியதும் அது முதலில் மூக்குக்குப் போகும், பிறகுதான் மடிக்கு வரும். அதைப் பார்த்தாலே அவன் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அந்த மூக்கக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வந்து உக்காருங்க. மனுஷங்க சாப்பிடுற சாப்பாடுதான் இது."

இந்த மூக்கால் அவன் விட்ட வேலைகள் பல. மீன் கிடங்கில் சேர்ந்து அரை நாளில் ஓடிவந்தான். தோல் தொழிற்சாலைக்கு வாசல் வரைக்கும் போனான். அச்சகத்தில் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தான், அங்கே முதலாளி வேர்வை வழிய வெற்று மார்போடு உட்காருவார் என்பதால் அதுவும் போயிற்று. கடைசியில் தீயணைப்புப் பிரிவுக்கு வந்தபோதுதான் அவன் மூக்குக்கு நிம்மதி. டீசலும் ரப்பரும் நுரை மருந்தும் கலந்த அந்த வாசனையை அவன் நெஞ்சு நிறைய இழுப்பான். உலகத்தில் அவனுக்கு ஒத்துப்போன நாற்றம் அது ஒன்றுதான்.

மனிதர்களிடமும் அவனுக்கு இதே சீக்கு உண்டு. யாராவது மேலதிகாரி முன்னால் குழைந்தால் அவனுக்கு வயிற்றைப் புரட்டும். ஸ்டேஷன் ஆபீசர் என்று ஒருவர் இருந்தார். கீழே இருப்பவர்களிடம் சிங்கம், விமான நிலைய இயக்குநரின் கார்க் கதவைத் திறப்பதில் மட்டும் எல்லோரையும் முந்திக்கொள்வார். இயக்குநர் தும்மினால் இவர் கைக்குட்டையை எடுப்பார். அதைப் பார்க்கிற நாளெல்லாம் மூக்கு வீட்டுக்கு வந்து, "த்தூ, இவனெல்லாம் ஒரு ஆளு" என்று வாசலில் காறித் துப்பிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான். ஆபீசர் முன்னால் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? முகத்தைச் சுளித்தான். அதோடு அவன் வீரம் முடிந்துவிடும். மற்றவர்களைப் பார்த்து முகம் சுளித்துவிட்டாலே தான் அவர்களில் ஒருவன் இல்லை என்று ஆகிவிடும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

இப்படி இருக்கையில்தான் பெரிய விமானம் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். இரண்டு மாடி வைத்த விமானம், ஒரு தெரு ஜனத்தையே ஏற்றிக்கொண்டு பறக்கக்கூடியது. அதற்காக நிலையத்தையே உடைத்துக் கட்டினார்கள். ரன்வேயின் இரண்டு ஓரங்களிலும் புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தார் போட்டார்கள். இறக்கை அவ்வளவு நீளம், ஓரத்து என்ஜின்கள் புல்லுக்கு மேலே தொங்கும், கல்லையும் மண்ணையும் உறிஞ்சிவிடும் என்றார்கள். மேல்மாடிக்காரர்கள் நேராக நடந்து இறங்க உயரமான ஏரோபிரிட்ஜ் ஒன்று புதிதாக வந்தது. பெட்டிகள் வருகிற பெல்ட்டை நீட்டினார்கள். முன்பக்கச் சுவரை இடித்துவிட்டு முழுக்கக் கண்ணாடி வைத்தார்கள். கண்ணாடியைத் தவிர மற்றதெல்லாம் தேவையான வேலைதான், மூக்கே அதில் குறை சொல்லவில்லை.

தீயணைப்புப் பிரிவுக்கும் புதிதாக இரண்டு வண்டிகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவு. கூரை மேல் பீரங்கி மாதிரி ஒரு தண்ணீர்க் குழாய், உள்ளே உட்கார்ந்து ஒரு சின்னக் கைப்பிடியைத் திருப்பினால் அது திரும்பும். கூடவே மேல்மாடிக் கதவு வரைக்கும் எட்டுகிற ஏணி வண்டி ஒன்று. புது வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் சீட்டு உறையின் வாசனையும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து மூக்குக்குக் கண் சொக்கிப்போயிற்று.

புது வண்டிகளுக்குக் குழுத் தலைவர் ஒருவர் வேண்டும். அந்தப் பதவியோடு முன்வரிசை வீடும் வரும். குவார்ட்டர்ஸில் அவன் குடியிருந்தது கடைசி வரிசை. ஒரே அறை, அதற்கு ஒரே ஜன்னல், அந்த ஜன்னல் திறப்பது சாக்கடை மேல். இந்த மூக்கை வைத்துக்கொண்டு அவன் அந்த வீட்டில் இத்தனை வருஷம் தூங்கியதே பெரிய விஷயம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜன்னலைத் திறக்காமலேயே வளர்ந்தாள். முன்வரிசையில் இரண்டு அறைகள், வேப்ப மரத்துக் காற்று. ஆபீசர் ஒருநாள் அவன் தோளில் கை போட்டு, "உன் பேரத்தான் எழுதப் போறேன். விழா நல்லபடியா முடியட்டும்" என்றார். தோளில் கை பட்ட இடம் பிசுபிசுத்தது. ஆனாலும் அன்றைக்கு அவன் வாசலில் துப்பவில்லை.

விழா என்றால் பெரிய விமானம் முதல் தடவை வந்து இறங்குகிற நாள். வந்து நிற்கும் முன் இரண்டு வண்டிகளும் இரண்டு பக்கமும் நின்று தண்ணீரைப் பீய்ச்ச, அது மேலே வளைவாகச் சேர, விமானம் அதற்கடியில் நனைந்துகொண்டே வர வேண்டும். முதல் விமானத்துக்கு இப்படி மரியாதை செய்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். ஆனால் இங்கே அது ஒன்றுதான் வேலை என்று ஆகிவிட்டது. மேல்மாடியில் தீப்பிடித்தால் ஜனங்களை எப்படி இறக்குவது என்று ஒரு பயிற்சி கிடையாது. ஏணி வண்டியில் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு ஆபீசர் கோபப்பட்டார். "ரிப்பன் கட்டியிருக்குல்ல. வெட்டுறதுக்கு முன்னாடி எவனாவது ஏறினா கால ஒடிப்பேன்" என்றார். வளைவு மட்டும் காலையும் மாலையும் ஒத்திகை நடந்தது. இயக்குநர் கண்ணாடி வழியாகப் பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் மெலிசாக இருக்கிறது என்பார். ஆபீசர் ஓடிவந்து, "இடது பக்கம் தூக்குங்கடா" என்பார். மறுபடியும் இரண்டு தொட்டித் தண்ணீர் தரையில் ஓடும்.

அந்தத் தண்ணீர் குவார்ட்டர்ஸ் குழாயில் வர வேண்டிய தண்ணீர். ஒத்திகை தொடங்கியதிலிருந்து குழாய் காற்றுதான் ஊதியது. மூக்கு வண்டியில் உட்கார்ந்து ஆகாயத்துக்குத் தண்ணீர் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மனைவி காலி வாளியைக் காலால் தள்ளுவாள்.

"ஐயா வந்துட்டாரு. மேகத்தக் குளிப்பாட்டிட்டு வர்றாரு. பொண்ணக் குளிப்பாட்டத்தான் தண்ணி இல்ல."

"நான் என்ன பண்ண? சொன்னதச் செய்யறேன்."

"அதான் தெரியுமே."

அவள் அவனைப்போல் முகம் சுளித்துவிட்டு உட்காருகிற ரகம் இல்லை. பத்திரிகைக்காரர்கள் புதுக் கண்ணாடியைப் படமெடுக்க வந்த நாளில், குவார்ட்டர்ஸ் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு காலி வாளியோடு இயக்குநர் அறை வாசலில் போய் நின்றாள். வாளிகளைத் தரையில் தட்டிய சத்தத்தில் இயக்குநருக்கு வேர்த்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் கேட்கும்படியே, "குவார்ட்டர்ஸ் தண்ணியில இனி யாரும் கை வைக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார். அன்றைக்கே குழாயில் தண்ணீர் வந்தது. மூக்குக்கு மனைவியை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. கூடவே ஆபீசர் தன் பெயரை அடித்துவிடுவாரோ என்ற பயமும் இருந்தது.

ஆபீசர் அடிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை. குவார்ட்டர்ஸ் தண்ணீர் கிடையாது, வளைவு மெலிசாகவும் கூடாது. தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விழாவுக்கு முந்தின நாள் காலை வண்டிகளைக் கட்டடத்துக்குப் பின்பக்கம் கொண்டுபோய் நிரப்பச் சொன்னார். மூக்கு நிரம்பிக்கொண்டிருந்த தொட்டியின் மூடியைத் திறந்தான். திறந்த வேகத்தில் பின்னால் சாய்ந்தான்.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குட்டை உண்டு. நிலையத்துக் கழிப்பறைகள் அத்தனையும் அங்கேதான் வந்து சேரும். அதைச் சுத்தம் செய்து புல்லுக்கு விடுவதற்கு ஒரு மெஷின் இருந்தது. அது ஓடாமல் நின்று ரொம்ப நாளாகிறது. அதைச் சரிபண்ணுவதற்கு முன்னால் கண்ணாடிச் சுவர் அவசரம் என்று ஒத்திப்போட்டிருந்தார்கள். இப்போது அந்தக் குட்டைக்குள் குழாயை விட்டு, அதன் வாயில் ஒரு வலையைக் கட்டி, வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூக்கு சுவரோரம் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். அடுத்த வண்டியை ஓட்டுகிற தூங்குமூஞ்சி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான். அவனுக்கு அந்தப் பெயர் வந்த காரணம் அவன் கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

"சார், இது கக்கூஸ் தண்ணி" என்றான் மூக்கு, வாயைத் துடைத்துக்கொண்டு.

"வடிகட்டியாச்சு."

"நாறுது சார். நாளைக்கு அத்தன பேரு நிப்பாங்க. காத்துல மேல தெறிக்கும்."

ஆபீசர் அவனைப் பார்த்துச் சிரித்தார். தரை துடைக்கிற எலுமிச்சை திரவம் டப்பா டப்பாவாக வரவழைத்து வைத்திருந்தார். மூடியைத் திருகி ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் கவிழ்த்தார். "இப்ப மோந்து பாரு" என்றார். மூக்கு மோந்து பார்த்தான். எலுமிச்சை வாசனை ஆளைத் தூக்கியது. அதற்கடியில் அது இருந்தது. மற்ற யாருக்கும் தெரியாது, அவனுக்குத் தெரிந்தது.

"உன் மூக்குக்கு மட்டும் எல்லாம் நாறும். உன் பேரு மேல போயாச்சு. திங்கக்கிழம ஆர்டர் வரும். வீட்டுச் சாவிய என் கையாலயே தர்றேன். உன் பொண்டாட்டிகிட்ட வாயத் தொறந்த, அவ மறுபடியும் வாளியத் தூக்கிட்டு வருவா. அப்புறம் நீ சாக்கடைய மோந்துட்டே கிட."

தூங்குமூஞ்சி தொட்டி மூடியைச் சாத்தினான். "விடுப்பா" என்றான். "ஒரு நிமிஷ வேல. அடிச்சுட்டுப் போய்க் குளிச்சுக்கலாம்."

மூக்கு முகத்தைச் சுளித்தான்.

அன்று மாலை வீட்டில் இன்னொரு செய்தி காத்திருந்தது. விழாவுக்குக் கூட்டம் போதாது என்று ஊழியர்கள் குடும்பங்களையெல்லாம் வரச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் கையில் கொடி, முன்வரிசையில் கயிற்றுக்குப் பின்னால் இடம். மகள் தன் மஞ்சள் சட்டையை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்திருந்தாள்.

"அப்பா, நீங்கதான தண்ணி அடிப்பீங்க? நான் கைகாட்டினா தெரியுமா?"

அவன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மனைவியிடம், "நாளைக்கு வெயில் ஜாஸ்தி. நீங்க வரவேணாம்" என்றான்.

"வெயிலா? தண்ணிதான மேல விழும்னு சொல்றாங்க."

"அதான் வேணாம்கறேன். நனஞ்சா சளி பிடிக்கும்."

"இப்பத்தான வெயிலுன்னீங்க?" அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன, வாளியத் தூக்கினவ வந்து நின்னா ஒங்களுக்குத் தலைவர் பதவி போயிடுமா? எங்களப் பாத்தா வெக்கமா இருக்கா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் இவள் இந்த நிமிஷமே வரிசை வரிசையாகக் கதவைத் தட்டுவாள். விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஜன்னல் மூடித்தான் இருந்தது, ஆனாலும் சாக்கடை நாற்றம் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. "அப்படியெல்லாம் இல்ல. வாங்க" என்றான். சோறு இறங்கவில்லை. அவன் தட்டை மோந்து பார்க்காமல் வைத்ததை மனைவி கவனித்தாள்.

மறுநாள் வயல்வெளிப் பக்கமிருந்து கட்டடத்தைப் பார்த்துக் காற்று அடித்தது. கட்டடத்துக்கு முன்னால் கயிறு கட்டி, ஒரு முனையில் இயக்குநரும் பெரிய மனிதர்களும் நிற்கப் பந்தல், அதிலிருந்து மறுமுனை வரைக்கும் குடும்பங்கள். தூங்குமூஞ்சியின் வண்டி கயிற்றை ஒட்டிப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றது. மூக்கின் வண்டி விமானம் வரும் பாதைக்கு அந்தப் பக்கம், கூட்டத்தைப் பார்த்தபடி. அவன் அடிக்கிற தண்ணீர் வளைந்து கூட்டத்தின் தலை மேல்தான் தூறும். வண்டிக் கண்ணாடிக்கு நேராக மஞ்சள் சட்டை. அவள் அவனைப் பார்த்துக் கொடியை ஆட்டினாள்.

ஒரு யோசனை வந்தது. குழாயைத் தாழ்த்திவிட்டால் போதும். தண்ணீர் பாதி வழியிலேயே விழுந்துவிடும், அவள் மேல் ஒரு சொட்டுப் படாது. அழுத்தம் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். புது வண்டி, யாரும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பதவியும் தப்பும், பிள்ளையும் தப்பும். மற்ற பிள்ளைகளையும் சேர்த்துத்தானே காப்பாற்றுகிறோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டதும் அவனுக்கு மூச்சு லேசாக வந்தது.

விமானம் வந்தது. இரண்டு அடுக்கு ஜன்னல்களோடு ஒரு கட்டடமே நகர்ந்து வருகிற மாதிரி இருந்தது, தரை அதிர்ந்தது. வாக்கி-டாக்கியில் ஆபீசர், "அடி" என்றார். இரண்டு குழாய்களும் சீறின. தூங்குமூஞ்சியின் தண்ணீர் உயர ஏறியது. மூக்கின் தண்ணீர் விமானத்தின் வயிற்றில் மோதித் தரையில் கொட்டியது. வளைவு ஒற்றைக் காலில் நொண்டியது.

"தூக்கு. டேய் மூக்கு, தூக்கு."

"பிரஷர் வரல சார்."

"பொய் சொல்ற நாயே, தூக்கு."

அவன் தூக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஆபீசர் சொன்னதைச் செய்யவில்லை. கைப்பிடியை அப்படியே பிடித்திருந்தான். விமானம் கடந்து போனதும் கூட்டம் அவன் வண்டியைக் காட்டிச் சிரிப்பது தெரிந்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தான்.

காற்றை அவன் மறந்துபோனான். தூங்குமூஞ்சி மேலே அடித்த தண்ணீரைக் காற்று அப்படியே வாங்கித் திருப்பிக் கொண்டுவந்து பந்தல் பக்கம் தூறலாக இறக்கியது. நுரைக் குமிழிகள் வெயிலில் பளபளத்துக்கொண்டு மிதந்தன. இயக்குநர் பந்தலை விட்டு வெளியே வந்து முகத்தை அண்ணாந்து காட்டி, உதட்டில் விழுந்ததை நாக்கால் நக்கிக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் நின்ற ஆபீசர் குடையை விரித்தார், தனக்கு மட்டும். பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் காய்ந்து கிடக்கிறது, அந்தப் பக்கம் மழை பெய்கிறது. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கயிற்றோரமாகவே கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். முன்னால் ஓடியது மஞ்சள் சட்டை.

மூக்கு கண்ணாடியைக் கையால் அறைந்தான். கத்தினான். வாக்கி-டாக்கியில் ஆபீசரின் வசவே ஓயவில்லை. வண்டி புத்தம் புதுசு, உள்ளிருந்து ஒரு சத்தமும் வெளியே போகாது. மகள் தூங்குமூஞ்சியின் வண்டிக்குக் கீழே போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, கண்ணை மூடி, வாயை ஆவென்று திறந்தாள்.

விழா முடிந்ததும் ஆபீசர் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். பதவி தூங்குமூஞ்சிக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டார். மூக்கின் காதில் ஒன்றும் ஏறவில்லை. வண்டியிலிருந்து இறங்கும்போது கூரைக் குழாய் சொட்டியதில் நனைந்த உடுப்போடு வீட்டுக்கு ஓடினான்.

மகள் கட்டிலில் உட்கார்ந்து, ஈரச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒங்க தண்ணி வரவே இல்ல. எல்லாரும் சிரிச்சாங்க. எங்கப்பா வண்டி ரிப்பேருன்னு நான் சொன்னேன்." பிறகு தலையை அவன் பக்கம் நீட்டினாள். "மோந்து பாருங்க, எவ்ளோ வாசனையா இருக்கு."

"வாயில போச்சா? முழுங்கினியா?"

"எல்லாரும்தான் குடிச்சோம்."

அவன் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினான். வாய்க்குள் விரலை விட்டு, "துப்பு, துப்பு" என்றான். சோப்பை எடுத்துத் தலையில் தேய்த்தான், முகத்தில் தேய்த்தான், நாக்கில்கூடத் தேய்க்கப் பார்த்தான். குழந்தை வீறிட்டு அழுதது. மனைவி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

"பைத்தியம் பிடிச்சுருச்சா ஒங்களுக்கு? என்ன ஆச்சு?"

அவன் சொன்னான். குட்டை, வலை, எலுமிச்சை டப்பா, வீட்டுச் சாவி, எல்லாவற்றையும் சொன்னான். இவள் அடுத்து ஆபீசரைத் திட்டுவாள், இயக்குநரைத் திட்டுவாள், வாளியைத் தூக்குவாள் என்று எதிர்பார்த்தான்.

"நேத்து ராத்திரி தெரியுமா ஒங்களுக்கு?" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வாங்கன்னு சொன்னீங்க."

"நான்தான் தாழ்த்தி அடிச்சேனே. அவ மேல படக்கூடாதுன்னுதான்..."

அவள் அவன் கையிலிருந்த சோப்பை வாங்கினாள். மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் மூக்கோரம் சுருங்கி உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அந்தச் சுளிப்பை அவனுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை காலமும் ஆபீசரை நினைத்து இந்த வீட்டு வாசலில் நின்று அவன் காட்டிய முகம் அது.

"தள்ளிப் போங்க" என்றாள். "இவளத் தொடாதீங்க."

அவன் வாசலுக்கு வந்து நின்றான். உள்ளே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும் மகள் அழுகிற சத்தமும் கேட்டன. உடுப்பிலிருந்து எலுமிச்சை வாசனை எழுந்தது. கையை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான். பிறகு குமட்டிக்கொண்டு வந்தது.